ஒல்லாந்தர் காலத்துச் சாமான்

கொழும்பில் விற்பனைக்கு வரும் பழைய பித்தளை மெழுகுதிரித் தண்டு எதுவாக இருந்தாலும், அது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்றே அறிமுகப்படுத்தப்படும். பஞ்சிகாவத்தையின் பழஞ்சாமான் கடைகளிலும், வீட்டுத் தளபாடங்கள் ஏலத்துக்கு வரும் மண்டபங்களிலும், இடம்மாறிப் போகும் பழைய குடும்பங்களின் முன்விறாந்தைகளிலும் இந்த ஒரு வசனத்தை நான் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறேன். சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. அவர்களுக்கு விற்றவர் அப்படிச் சொன்னார், அவருக்கு அவருடைய பாட்டனார் சொன்னார். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து இந்த நகரத்தைக் கைப்பற்றி, 1796இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் இங்கே மெழுகுதிரி வெளிச்சத்தில் கணக்கெழுதியவர்களின் தண்டுகள் சில எஞ்சியிருக்கலாம் என்பது நியாயமான நம்பிக்கைதான். ஆனால் கைக்கு வருகிற நூறு தண்டுகளில் தொண்ணூறுக்கு மேல், விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை, அல்லது அதற்குப் பின்னர் இந்தியாவில் வார்க்கப்பட்டவை என்பதே என் கணிப்பு. இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். விற்பவரின் கதையைவிடத் தண்டின் அடிப்பக்கம் அதிகம் பேசும், அது பேசுவது பல வேளைகளில் அந்தக் கதையைவிடச் சுவையானதாகவும் இருக்கும்.

ஒல்லாந்தரின் மெழுகுதிரித் தண்டு உண்மையில் எப்படி இருந்தது என்பதை அறிய ஓர் அரிய சான்று உண்டு. சீனாவுக்கு வடதுருவ வழியாகப் பாதை தேடிப் போன வில்லெம் பாரென்ட்ஸ், யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் ஆகியோரின் கப்பல் 1596இல் நோவாயா செம்லியாத் தீவின் பனியில் சிக்கிக்கொண்டது. மாலுமிகள் மரவீடு ஒன்றைக் கட்டி மாரிகாலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த ஆண்டு திறந்த படகுகளில் தப்பிப் புறப்பட்டனர். சீனாவில் விற்பதற்கென்று கொண்டுசென்ற பண்டங்களையெல்லாம் அங்கேயே விட்டுச் சென்றனர். 1871இல் எல்லிங் கார்ல்சன் என்ற நோர்வீஜிய மாலுமி அந்த வீட்டைக் கண்டபோது, பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவையில் செய்த மெழுகுதிரித் தண்டுகளும் அந்தப் பண்டங்களிடையே கிடந்தன. அவை இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மணி கவிழ்த்தாற்போன்ற அகன்ற அடியும், வழியும் மெழுகைத் தாங்கும் தட்டும் கொண்ட ஒருவகைப் பித்தளைத் தண்டை இன்றும் சேகரிப்பாளர்கள் ஹீம்ஸ்கெர்க் தண்டு என்றே அழைப்பது அந்தத் தளபதியின் பெயரால்தான். பனிக்குள் உறைந்துகிடந்த அந்தச் சரக்குக்கு ஆண்டு தெளிவாகத் தெரியும். நம் கடைகளில் தூசுக்குள் கிடக்கும் சரக்குக்கு அது தெரியாது. அதனால்தான் பொருளையே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரணை கவிழ்ப்பதில் தொடங்குகிறது. மேற்பக்கம் எல்லாருக்கும் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. நூறு வருடம் துடைத்தும் தேய்த்தும் அதன் தடயங்களை வீட்டுக்காரர்களே அழித்திருப்பார்கள். அடியின் உட்புறத்தை யாரும் மினுக்குவதில்லை. கடைசல் உளி சுற்றிச்சென்ற வட்டக் கோடுகள், வார்ப்பு மணலின் சொரசொரப்பு, அரத்தின் கீறல், தண்டையும் அடியையும் பிணைத்த முறை ஆகிய எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். பழைய தண்டுகளில், தண்டின் கீழ்முனை அடியின் துளைக்குள் நுழைக்கப்பட்டு, மறுபுறம் சுத்தியலால் அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அல்லது கையால் வெட்டிய திருகு மரையில் முறுக்கப்பட்டிருக்கும். கையால் வெட்டிய மரை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரே சோடியின் இரண்டு தண்டுகளைக் கழற்றி அடிகளை மாற்றிப் பொருத்தினால், பாதிவழியில் இறுகி நின்றுவிடும். அப்படி நின்றால் நான் மகிழ்வேன். இரண்டும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், மரையை இயந்திரம் வெட்டியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்தது தண்டின் உடல். பதினேழாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் தண்டுகள் கெட்டியாக வார்க்கப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியிலிருந்து, தண்டை நெடுக்காக இரண்டு பாதிகளாக வார்த்து, உள்ளே பொள்ளலாக விட்டு, பற்றாசு வைத்து ஒட்டும் முறை பரவியது. பித்தளை விலையுயர்ந்த பண்டமாக இருந்ததால், உலோகத்தை மிச்சப்படுத்துவதே நோக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், நடுவில் மண்கருவை வைத்து முழுத் தண்டையும் பொள்ளலாக ஒரே வார்ப்பில் எடுக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. ஆகையால் எதிரெதிர்ப் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் மயிரிழை போன்ற இரண்டு பொருத்துக் கோடுகள் தெரிந்தால், அந்தத் தண்டு பெரும்பாலும் அந்த இடைப்பட்ட காலத்தது. பற்றாசின் கலவை பித்தளையிலிருந்து சற்று வேறுபடுவதால், அந்தக் கோடு மங்கிய சாம்பல் அல்லது மஞ்சள் நிறமாகத் தென்படும். நன்றாக மினுக்கிய தண்டில் வாயால் ஊதி, ஆவி படியும்போது கோட்டைத் தேடுவது ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் வழக்கம். குளிர்நாட்டில் அது எளிது. கொழும்பின் வெக்கையில் உலோகமும் நம் மூச்சும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் ஆவி படிவதற்குள் மறைந்துவிடும். குளிரூட்டிய அறைக்குள் தண்டைச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு ஊதுவது என் வழி. கடைக்காரர்கள் இதை ஒரு பைத்தியக்காரத்தனமாகப் பார்ப்பார்கள் என்பதால் வாங்கிய பின்னரே செய்கிறேன். கடையில், மெழுகுதிரி நிற்கும் குழலின் உட்புறத்தை ஒரு சிறிய கைவிளக்கால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன். கோடு அங்கேயும் தொடரும்.

பஞ்சிகாவத்தையில் நான் அடிக்கடி போகும் கடையில், முதியவரான நானா ஒருவர் ஒருமுறை ஒரு சோடியை என் முன்னால் வைத்தார்.

"இது ஒல்லாந்தர்ட சாமான், சேர். தூக்கிப் பாருங்க, என்ன பாரம்" என்றார்.

"பாரம் சரி, நானா. கொஞ்சம் கவிழ்த்துப் பார்க்கலாமா?"

"கவுத்தா என்ன தெரியும்? வேலைப்பாடெல்லாம் மேலுக்குத்தானே."

கவிழ்த்தபோது அடியின் நடுவில் ஒரு துளையும், அதற்குள் சிறு பொத்தான் போன்ற முனையுள்ள ஒரு கம்பியும் தெரிந்தன. கம்பியை அழுத்தினால், எரிந்து முடிந்த மெழுகுதிரியின் அடிக்கட்டை குழலை விட்டு மேலே எழும்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தண்டுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் ஏற்பாடு அது. தண்டின் இடையில் தேன்கூட்டைப் போன்ற குமிழும், அதன் கீழ் வைரப்பட்டை வெட்டிய குமிழும் இருந்தன. அவையும் அதே காலத்தையே காட்டின. இதை விளக்கியதும் நானா சற்று யோசித்துவிட்டு, "அப்ப வெள்ளக்காரன்ட சாமான்னு வைங்க. அதுக்கும் வெல அதுதான்" என்றார். அவர் கேட்ட விலைக்கே வாங்கினேன். நியாயமான விலைதான், காலம் மாறியதால் பொருள் மாறிவிடவில்லை.

அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு சிக்கனத்தின் வரலாறு உண்டு. அடிக்கட்டையை வெளியே எடுப்பது மெழுகுதிரி எரித்த எல்லாக் காலத்தவர்க்கும் தொல்லைதான். கூரிய முள்ளின்மீது திரியைக் குத்தி நிறுத்திய பழைய தண்டுகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மெல்லிய மெழுகுதிரி வெடித்துவிடும். குழல் வந்த பிறகு, ஆரம்பகாலத்தவர்கள் குழலின் பக்கத்தில் அகன்ற துளைகளை விட்டார்கள்; அதன் வழியாகக் கத்தி முனையால் கட்டையை நெம்பி எடுத்தார்கள். பின்னர் பக்கவாட்டில் நகரும் பிடியும், கடைசியாக அடியிலிருந்து தள்ளும் கம்பியும் வந்தன. சேர்த்த கட்டைகளை வீண்போக விடாமல் உருக்கி மீண்டும் பயன்படுத்தியவர்களுக்காகவே இவ்வளவு மூளை செலவிடப்பட்டது.

மெழுகுதிரியைப் பற்றிப் பேசாமல் தண்டைப் பற்றிப் பேச முடியாது, மெழுகுதிரியைப் பற்றிப் பேசினால் இலங்கையைத் தவிர்க்கவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏழைகள் எரித்தது மிருகக் கொழுப்பில் செய்த மெழுகுதிரி. அது நாறும், புகையும், சற்றைக்கொரு தடவை கரிந்த திரிமுனையைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். தேன்மெழுகு பணக்காரருக்கும் ஆலயங்களுக்கும் உரியது. 1825இல் பிரான்சில் இரசாயனவியலாளர்களான செவ்ரூலும் கே-லூசாக்கும் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த கெட்டியான அமிலத்தால் மெழுகுதிரி செய்யக் காப்புரிமை பெற்றார்கள். அதே காலத்தில் கம்பசெரே கண்டுபிடித்த பின்னல் திரி, எரியும்போது வளைந்து சுடருக்கு வெளியே போய்த் தானே சாம்பலானது. இலண்டனில் 1830இல் தொடங்கப்பட்ட பிரைஸ் நிறுவனம் இந்த வித்தையைத் தேங்காயெண்ணெயில் செய்துபார்க்க முனைந்தது. பிரைஸ் என்று ஒருவர் அங்கே இருக்கவேயில்லை. வில்லியம் வில்சனும் அவருடைய கூட்டாளியும் வியாபாரத்துக்காக வைத்துக்கொண்ட பெயர் அது. அவர்கள் இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டத்தில் முதலிட்டார்கள். 1840இல் விக்டோரியாவின் திருமணத்தை ஒட்டி வீட்டு யன்னல்களில் ஏற்றுவதற்கென்று அவர்கள் வெளியிட்ட கலப்பு மெழுகுதிரியில் தேங்காயெண்ணெயின் கெட்டிப் பகுதி சேர்ந்திருந்தது. திரிவெட்டும் கத்தரிக்கு அதில் வேலையில்லை, விலையும் நடுத்தர வீடுகளுக்குக் கட்டுப்படியானது. நம் கரையோரத்துத் தேங்காய் கப்பலேறி இலண்டனில் மெழுகுதிரியானது. அதே காலத்து ஆங்கிலப் பித்தளைத் தண்டு கப்பலேறி இங்கே வந்தது. என் அலுமாரியில் இருக்கும் விக்டோரியாக் காலத்துத் தண்டுகளை ஒல்லாந்தர் கதையின் துணையில்லாமலே நான் மதிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அவை எப்படி இங்கே கைமாறத் தொடங்கின என்பது இந்நாட்டின் அரசியலோடு சேர்ந்த கதை. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின்னர், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பங்கள் பெருந்தொகையில் அவுஸ்திரேலியாவுக்குப் போயின. போகும்போது பியானோவும் சாப்பாட்டு மேசையும் பித்தளைச் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையானதும், மலைநாட்டு பங்களாக்களின் பொருட்கள் சிதறின. 1983 யூலையில் தமிழர் வீடுகள் சூறையாடப்பட்ட பின்னர் கொழும்பின் பழஞ்சாமான் கடைகளுக்கு எங்கள் வீடுகளிலிருந்து என்னென்ன போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒரு பொருளின் பூர்வீகத்தைக் கேட்கும்போது எல்லாப் பதிலும் இனிமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆலயப் பொருட்களில் நான் இன்னும் கண்டிப்பாக இருக்கிறேன். கத்தோலிக்க வழிபாட்டில் பாட்டுப் பூசைக்குப் பீடத்தின்மேல் ஆறு உயர்ந்த தண்டுகள் நிற்பது பழைய ஒழுங்கு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் பீடங்கள் மக்களை நோக்கித் திரும்பின, அலங்காரங்கள் குறைந்தன, உலகெங்கும் பல பங்குக் கோயில்கள் பழைய தண்டுகளைக் களஞ்சியத்துக்கு அனுப்பின. அவற்றில் சில நேர்மையாக விற்கப்பட்டிருக்கின்றன, சில அப்படியில்லை. முக்கோண அடியும், மூன்று நகக்கால்களும், உச்சியில் முள்ளும் கொண்ட இரண்டரை அடித் தண்டு ஒன்று கொட்டாஞ்சேனைப் பக்கம் விலைக்கு வந்தால், எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று முதலில் கேட்பேன். தெளிவான பதிலில்லை என்றால், அது எவ்வளவு அழகாயிருந்தாலும் கையை எடுத்துவிடுவேன். ஆறில் ஒன்று தனியே கடைக்கு வருவது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுவதில்லை.

வெள்ளிப் பூச்சுத் தண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் என் மனம் பித்தளையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் செபீல்டில் தோமஸ் பூல்சோவர் 1740களில் செம்புத் தகட்டின்மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டினால் ஒட்டவைக்கும் முறையைக் கண்டார். அப்படிச் செய்த பழைய தண்டுகளின் விளிம்புகளில் வெள்ளி தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப்பார்க்கும். 1840இல் எல்கிங்டன் காப்புரிமை பெற்ற மின்முலாம் வந்து அந்தத் தொழிலை முடித்துவைத்தது. இந்நகரில் வெள்ளி என்று விற்கப்படுவதில் மிகுதியானவை மின்முலாமிட்டவையே. அசல் ஆங்கில வெள்ளியில்கூட, நடக்கும் சிங்க முத்திரையைப் பார்த்தவுடன் எடைக்கு எடை கணக்குப் போடக்கூடாது. மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, உள்ளே கீலோ (தார் போன்ற பிசின்) சாந்தோ நிரப்பிப் பாரமாக்கிய தண்டுகளே அதிகம். செட்டியார் தெருவில் எடைபோடக் கொடுத்தால், உருக்கிய பின் மிஞ்சும் வெள்ளி உங்களை ஏமாற்றிவிடும். அவற்றை வெந்நீரில் போட்டு மெழுகை நீக்கவும் முடியாது, உள்ளிருக்கும் கீல் இளகி ஒழுகும்.

பித்தளையைப் பற்றிய ஒரு செய்தியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறத்தைக் கொண்டு வயதைச் சொல்வோர் இதில்தான் சாய்ந்து நிற்கிறார்கள். பித்தளை என்பது செம்பும், துத்தநாகம் எனப்படும் நாகமும் சேர்ந்தது. செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியஸ் வேண்டும். நாகமோ 907 பாகையிலேயே ஆவியாகிப் போய்விடும். ஆகவே தாதுவை உலையிலிட்டால் நாகம் புகையாகப் பறந்துபோகும், கையில் கிடைக்காது. அந்த ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தை இராஜஸ்தானின் சாவர் சுரங்கங்களில் இடைக்காலத்திலேயே பெருமளவில் நடந்தது. ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738இல்தான் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அங்கே நாகத்தாதுவையும் கரியையும் செம்புத் துண்டுகளையும் மூடிய மூசையில் வைத்துச் சூடாக்கி, ஆவியைச் செம்புக்குள்ளேயே ஊறவைத்தார்கள். அந்த முறையில் நாகத்தின் பங்கு மூன்றில் ஒன்றை எட்டுவது அரிது. 1781இல் ஜேம்ஸ் எமர்சன் இரு உலோகங்களையும் நேரடியாகக் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், நாகம் கூடிய, வெளிறிய மஞ்சள் பித்தளை மலிந்தது. எனவே பழையது சற்றுச் செம்மஞ்சளாக இருக்கும் என்ற வழக்குக்கு அடிப்படை உண்டு. ஆனால் அதைத் தனிச் சான்றாக நம்ப முடியாது. இந்தியாவின் மொராதாபாத்தில் நேற்று வார்த்ததையும் தேவையான நிறத்தில் வார்க்கலாம், தேயிலைச் சாயத்திலும் இரசாயனத்திலும் ஊறவைத்துக் கறுப்பாக்கவும் செய்யலாம். அப்படிச் செய்த கறுப்பு எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். நூறாண்டு கைபட்ட தண்டில் பிடிக்கும் இடம் தேய்ந்து வழுவழுப்பாகவும், வளையங்களின் இடுக்கு இருண்டும் இருக்கும். காந்தம் ஒட்டினால் பித்தளை பூசிய இரும்பு. அதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் பித்தளையை வைத்திருப்பது தனியான வேலை. உப்புக் கலந்த ஈரம் பட்டால் இரண்டே வாரத்தில் மங்கும். மெழுகு வழிந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். சைவ சித்தாந்திகள் ஆன்மாவைப் பற்றிநிற்கும் ஆணவத்துக்குச் செம்பின் களிம்பை உவமையாகச் சொன்னது எவ்வளவு பொருத்தமானது என்பதை ஒவ்வொரு மழைக்காலமும் எனக்கு நினைவூட்டுகிறது. வீட்டில் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது வழக்கம். வாரந்தோறும் எண்ணெய் ஏறி எரியும் விளக்குக்கு அது சரி, ஆனால் பழைய தண்டுகளுக்கு அதை நான் அனுமதிப்பதில்லை. புளியின் அமிலம் அடிக்கடி பட்டால் மேற்பரப்பிலிருந்து நாகம் கரைந்து, செம்பின் சிவப்புத் திட்டுகள் எஞ்சும். அவற்றைத் தேய்த்து நீக்கப் போனால் கடைசல் கோடுகளும் சேர்ந்து போய்விடும். மெழுகை நீக்க மிதமான சுடுநீரும், இடுக்குகளுக்கு மூங்கில் ஈர்க்கும், துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துண்டும் போதும். பிறகு தேன்மெழுகை மிக மெல்லியதாகப் பூசிவிட்டால் காற்று சில மாதம் பொறுத்துக்கொள்ளும். என் மனைவிக்கு இந்த விதிகளில் நம்பிக்கை இல்லை. குத்துவிளக்கு இருக்கும் வீட்டில் இத்தனை வெள்ளைக்காரத் தண்டு எதற்கு என்று கேட்டவர், 2022இல் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் அப்போது கடைகளில் கிடைத்த ஒல்லியான திரிகள் இந்தக் குழல்களில் ஆடின. பத்திரிகைத் தாளைச் சுற்றித்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

சோடிகளைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன். தனித்தண்டின் விலையைப் போல இருமடங்கல்ல, அதைவிடக் கூடுதலாகவே ஒரு சோடிக்குக் கேட்பார்கள். அதனால் பொருத்திச் சேர்த்த சோடிகள் சந்தையில் ஏராளம். இரண்டையும் சமதளத்தில் வைத்து ஓர் அளவுகோலை உச்சிகளின்மேல் கிடத்துவேன். கையால் கடைந்த உண்மையான சோடியில்கூட ஒரு நூலளவு வித்தியாசம் இருக்கும், ஆனால் வளையங்கள் ஒரே மட்டத்தில் வரும். பிறகு வெவ்வேறாக எடைபார்ப்பேன். பொருத்திச் சேர்த்தது என்று தெரிந்தாலும் சில வேளைகளில் வாங்குவதுண்டு, தனித்தண்டின் இருமடங்கு விலையோடு நிற்கிற பட்சத்தில்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மைத்துனர் சென்றமுறை வந்தபோது அப்படியொரு சோடியில் ஆசைப்பட்டுப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தார். தொல்பொருள் என்று கருதப்படக்கூடிய எதையும், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ், தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துச்செல்ல முடியாது என்று சொன்னேன். "மெழுகுதிரி கொளுத்துற சாமானுக்குமா, அத்தான்?" என்று கேட்டார். சுங்க அதிகாரியிடம் அது ஒல்லாந்தர் காலத்துச் சாமான் என்று அவர் பெருமையாகச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம். விண்ணப்பத்தோடு படங்களைக் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அடியைக் கவிழ்த்து எடுத்த படமும் அதில் ஒன்று.